பீடத்துப் படிக்கு அறுநூற்றைம்பது

கோயில் அருள்பிரகாசத்துக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். இந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. பதினைந்து வருடமாக அவன் தலைக்குள்தான் கிடந்தது. சதுர அடிக்கு இருபது வீதம் ஆயிரத்து அறுநூறு அடி, ஆக முப்பத்திரண்டாயிரம். பீடத்துக்கு ஏறுகிற மூன்று படிக்கும் தனியாகப் பேசியது அறுநூற்றைம்பது. அட்வான்ஸாக வாங்கியது பதினாலாயிரம். கழித்தால் மீதி அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் மனசுக்குள் கூட்டிய கணக்கு, ஒரு ரூபாய் பிசகாது.

பள்ளத்தூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது சம்மனசுபுரம். நூற்றுச் சொச்சம் வீடு, ஒரு மாதா கோயில். அந்த வருடம் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் தரையை முடித்தாக வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு, ஆத்தங்குடியிலிருந்து பூப்போட்ட கல் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அருள்பிரகாசமும் ஒரு சித்தாளும் பத்தொன்பது நாள் முழங்காலில் கிடந்து பதித்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்று நகராது. அப்படி ஒரு தரை. ஒரே ஒரு கல் மட்டும் பிசகிவிட்டது. பீடத்துக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் ஒரு கல்லின் பூ வடக்கே பார்ப்பதற்குப் பதிலாகக் கிழக்கே பார்த்து உட்கார்ந்துவிட்டது. கலவை இறுகிய பிறகுதான் கண்ணில் பட்டது. பெயர்த்தால் பக்கத்துக் கல் விரியும் என்று அப்படியே விட்டுவிட்டான். மேலே பெஞ்சு போட்டார்கள். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தக் காசுக்கு அவன் ஒரு வேலை வைத்திருந்தான். தூரத்து மாமன் மகள் ஆரோக்கிய ஷீலா அப்போது மதுரைப் பக்கம் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. கட்டிக்கொள்வது என்று இரண்டு குடும்பத்திலும் வாய்ப்பேச்சு ஆகியிருந்ததால் பீஸில் பாதியை அவன் ஏற்றிருந்தான். இரண்டாம் வருடத்துப் பீஸுக்குக் கோயில் பணத்தைத்தான் நம்பியிருந்தான். திருவிழாவுக்கு முதல் நாள், கையெல்லாம் சிமெண்டாக நின்றவனிடம் அப்போதைய கமிட்டித் தலைவர் ஒரு சீட்டை நீட்டி, "இங்குட்டு ஒரு ரேகை வையிப்பா" என்றார். பாக்கிக்கு உண்டான சீட்டுதான் என்று நினைத்து வைத்தான். பணம் அடுத்த திருவிழாவுக்கு வரும் என்றார்கள், அதற்கடுத்த திருவிழாவுக்கு என்றார்கள். பிறகு அந்தத் தலைவர் செத்துப்போனார், அப்போதைய சாமியார் வேறு ஊர்ப் பங்குக்கு மாறிப்போனார். பீஸ் கட்ட முடியாமல் ஷீலாவுக்கு ஒரு வருடம் வீணாகிப்போனது. தன்னோடு சேர்ந்த பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வேலைக்குப் போனபோது அவள் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு காரைக்குடியில் வாடகைக்கு வந்தார்கள். ஷீலா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். மாத்திரை அட்டை, தினசரிக் காலண்டர் தாள், பஸ் போர்டு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்து. முப்பத்திரண்டு வயதில் அவன் 'அ' போட்டபோது அவன் விரல் எழுதுகோலைக் கொத்துக்கரணை பிடிக்கிற மாதிரிப் பிடித்தது. மறு வருடம் ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது கோயில் வாசலில் பதித்திருந்த கல்லை முதல்முறையாகப் படித்தான். அதில் தன் பேர் இருப்பது பிறர் சொல்லி அவனுக்கு முன்னமே தெரியும். வேலை பார்த்தவன் பேரையும் போட்டிருக்கிறார்களே என்று பெருமைப்பட்டதும் உண்டு. பேருக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. 'தரை உபயம்' என்று இருந்தது. ஃபேன் இறக்கையில், டியூப்லைட்டில், சுவர்க் கடிகாரத்தில் பேர் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் காசு கொடுத்தவர்கள். அவனும் அந்த வரிசையில் இருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் பணத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதோடு ஊர்க் கோயிலுக்கு வரி கட்டுவதையும் நிறுத்தினான். பூசைக்கு டவுன் கோயில் போதும் என்றான். ஷீலா ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் அவளிடம் ஒரு பழக்கமாக இருந்தது.

இப்போது ஷீலாவுக்கு இங்கிலாந்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகியிருந்தது. ஆங்கிலப் பரீட்சையை மூன்று முறை எழுதி, நைட் டியூட்டி முடித்து வந்த கண்ணோடு கம்ப்யூட்டர் முன்னால் நேர்காணலுக்கு உட்கார்ந்து வாங்கிய வேலை. செப்டம்பரில் சேர வேண்டும். அவளுடைய விசாவோடு புருஷனும் பிள்ளையும் போகலாம், புருஷன் அங்கே முறைப்படி வேலையும் பார்க்கலாம். அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் முதலில் தனியாகப் போய், பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாமல் மூன்று வருடம் போனிலேயே பிள்ளை வளர்த்தார்கள். "போனா மூணு பேரும் ஒண்ணாப் போவோம், இல்லாட்டி இங்கனயே இருப்போம்" என்று ஷீலா முதலிலேயே சொல்லிவிட்டாள். மகள் பெனிட்டாவுக்கு ஆறு வயது.

தடையாக நின்றது இரண்டு காகிதம். ஒன்று, கல்யாணச் சான்றிதழ். கல்யாணம் நடந்த சம்மனசுபுரம் கோயிலில் வாங்கி, பதிவு அலுவலகத்தில் காட்டிப் பதிய வேண்டும். இன்னொன்று அவனுடைய வேலைக்கு. அவள் போகிற ஊரிலேயே டைல்ஸ் பதிக்கிற கம்பெனி ஒன்றில் இவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஷீலாவுக்கு முன்னால் போன ஒரு நர்ஸின் வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். யாருக்கு, எங்கே, எத்தனை அடி வேலை பார்த்தான் என்று முத்திரையோடு ஒரு கடிதம், அந்த வேலையின் படம், இவ்வளவுதான் கேட்டார்கள். அவளுடைய ஒரு சம்பளத்தில் அங்கே வாடகை கொடுத்துவிட்டு மூன்று பேர் சாப்பிட முடியாது என்று அவள் ராத்திரியும் பகலும் கூட்டிப் பார்த்திருந்தாள். கடிதம் வந்தால்தான் மூன்று டிக்கெட்.

இருபத்து நாலு வருடம் முழங்காலில் நடந்தவனுக்கு ஒரு கடிதம் கிடைக்கவில்லை. பள்ளத்தூரிலும் நெற்குப்பையிலும் அவன் தரை போட்ட பெரிய வீடுகள் இப்போது ஹோட்டலாக இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் குனிந்து குனிந்து படம் எடுக்கிறார்கள். அவனை அங்கெல்லாம் வேலைக்கு அழைத்துப்போன காண்ட்ராக்டர் பெரியகருப்பனிடம் போய்க் கேட்டான்.

"பில்லுல நீ இல்லையேப்பா. பில்லுல நான்தான இருக்கேன். ஒனக்குக் கையில குடுத்தேன், நீ பையில போட்டுக்கிட்ட. நாளைக்கி எவனாச்சும் வந்து இத்தனை ஆளுக்கு வரி எங்கன்னு கேட்டா, ஓங்க இங்கிலாந்தா வந்து பதில் சொல்லும்?" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான்.

காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ்காரன் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்ததாகவே எழுதித் தருகிறேன், இருபத்தையாயிரம் ஆகும் என்றான். அதை வீட்டில் சொன்னபோது ஷீலா தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்க நர்ஸ் பதிவுக்கு என் பேரு போயிருக்கு. ஒரு பொய்ப் பேப்பர் உள்ள போச்சுன்னா என் பதிவே போயிரும். அப்புறம் நீங்களும் நானும் சேந்து சித்தாளு வேலைக்குத்தான் போகணும். எனக்கு முழங்கால் வேற சரியில்ல."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் ஸ்கூட்டரில் சம்மனசுபுரம் போனார்கள்.

கோயில் அலுவலகத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சின்னக்கண்ணுதான் கணக்கும் பார்க்கிறார். அவருக்கு வயதாகிவிட்டாலும் நோட்டுக்கு வயதாகவில்லை. குடும்ப வரிசையில் விரலை ஓட்டி நிறுத்தினார்.

"வாங்க இங்கிலாந்துக்காரவுகளே. சர்ட்டிபிகேட்டுத்தான? தந்துருவோம். வருச வரி அறுநூறு, திருவிழா வரி முந்நூறு. பத்து வருசம். ஒம்பதாயிரம் நிக்கிது. பாக்கி இருந்தா எழுதக் கூடாதுன்னு கமிட்டி முடிவு. நான் போட்ட சட்டமில்லப்பா."

"கட்டுறேன் மாமா. கோயிலு எனக்குத் தரவேண்டியது ஒண்ணு இருக்குல்ல, அதையும் பாருங்க" என்றான் அருள்பிரகாசம்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் பக்கத்து மேசையில் இருந்த சாமியார் நிமிர்ந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், போன ஜூனில்தான் இந்தப் பங்குக்கு வந்தவர். ஷீலாவும் நிமிர்ந்தாள்.

"கோயிலு ஒனக்கா? எதுக்கு?" என்றார் சின்னக்கண்ணு.

"தரை போட்ட கூலி. பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது."

சின்னக்கண்ணு சிரித்தார். "ஏப்பா, வாசல்ல கல்லு வச்சு ஊரே படிக்கிது. குடுத்தத திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்." சொல்லிக்கொண்டே எழுந்து பீரோவைத் திறந்தார். நூல் கட்டிய ஒரு ஃபைலைத் தட்டி, தூசியை முகத்தைத் திருப்பி ஊதி, ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். கீழே நீல மையில் ஒரு பெருவிரல். அதில் சிமெண்ட் தின்ற தழும்பு குறுக்கே ஓடியது. அவனுடையதுதான்.

அருள்பிரகாசம் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தான். பதினைந்து வருடத்துக்கு முந்தைய அந்தச் சீட்டை அவன் படிப்பது இதுதான் முதல் தடவை. 'நமது ஆலயத்தின் தரையில் ஆயிரத்து அறுநூறு சதுர அடி கல் பதித்த கூலியில், பெற்றுக்கொண்ட பதினாலாயிரம் போக மீதி பதினெட்டாயிரத்தை மாதாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்.' நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே படித்து முடித்தான்.

"எழுதியிருக்கு" என்றான்.

"நீங்க குடுக்கலையா?" இது ஷீலா.

"கேட்டுட்டு ரேகை வச்சிருந்தா குடுத்ததாகும். சும்மா ஒரு சீட்டுன்னாக. வச்சேன்."

ஷீலா எழுந்து வெளியே போனாள். சற்றுப் பொறுத்து அவனும் போனான். அவள் கோயில் வாசலில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பெனிட்டா பூவுக்குப் பூ தாண்டி நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்பதால் கோயில் காலியாக இருந்தது. பெஞ்செல்லாம் போய் இப்போது மடக்கு நாற்காலிகள், சுவர் ஓரமாக அடுக்கியிருந்தன. வேப்பமரத்துக் காற்று கதவு வழியாக உள்ளே போய் வந்தது.

"தரை போட்ட மறு வருசத் திருவிழாவுக்கு நான் லீவுல வந்திருந்தேன்" என்றாள் கல்லைப் பார்த்தபடியே. "பணம் வரலைன்னு நீங்க அம்மாகிட்டச் சொல்லி அனுப்பியிருந்தீக. இங்க வந்து பாத்தா குடுத்தாச்சுன்னு கல்லு சொல்லுது. நான் கல்லத்தான் நம்புனேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காலுக்குக் கீழே ஒரு கல் ஆடியது போல இருந்தது. எதைச் சொல்ல வெட்கப்பட்டு அத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தானோ, அதைவிட மோசமான ஒன்றை அவள் அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய பீஸை எடுத்து ஊர் பார்க்கப் பேர் வெட்டிக்கொண்டவன் என்று. அவனுக்கு 'அ' சொல்லிக்கொடுத்தபோதும் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் விரலைப் பிடித்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"என்னன்னு கேக்க? நீங்க எனக்குக் கடன்பட்டவுகளா? குடுத்தா வாங்கிக்கிறது. குடுக்காட்டி, மாதாவுக்குக் குடுத்துட்டாருன்னு இருந்துக்கிறது."

"அப்படி நெனச்சுக்கிட்டா என்னைக் கட்டுன?"

"மாதாவுக்கு அள்ளிக் குடுக்குறவரு சாராயக் கடைக்குக் குடுக்க மாட்டாருன்னு அம்மா சொன்னாக." அவள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் நின்றவனுக்கே தெரியவில்லை. "ஒரு வருசம் போச்சுங்க. ஆஸ்டல்ல என்னைவிடச் சின்னப் பிள்ளைக கூட உக்காந்து படிச்சேன். அப்பெல்லாம் இந்தத் தரை கண்ணுல வரும். பூப்பூவா."

அவன் அவள் தோளில் கையை வைக்க நினைத்து, ஊர்க் கோயில் வாசல் என்பதால் கதவில் வைத்துக்கொண்டான்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது சாமியார் சீட்டை இரண்டு முறை படித்து முடித்திருந்தார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன். இந்தச் சீட்டு செல்லாதுன்னு எழுதிக் கொடுங்க, கமிட்டியில வைக்கிறேன். ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும். பணம் கிடைச்சாலும் கிடைக்கும். சர்ட்டிபிகேட்டுக்கு அதனால தடை வராது. அது என் பொறுப்பு."

"அங்க வேலைக்கு ஒரு லெட்டர் வேணும் சாமி. இன்ன எடத்துல இத்தனை அடி வேலை பாத்தாருன்னு" என்றாள் ஷீலா.

சாமியார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நான் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. எதைப் பார்த்து எழுதுறது? இந்தக் கோயில்ல இவர் வேலை பார்த்தார்ங்கிறதுக்கு இருக்கிற காகிதம் இது ஒண்ணுதான். அடிக்கணக்குகூட இருக்கு. இது செல்லாதுன்னு ஒரு கையால எழுதிட்டு, இதை வச்சே இன்னொரு கையால முத்திரை போட எனக்கு மனசு வராது."

ஆக அவன் பேரும் அவன் வேலையும் அடிக்கணக்கும் சேர்ந்து இருக்கிற காகிதம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. அது அவனை ஏமாற்றிய காகிதம். செல்லாது என்றால் பணம் வரலாம், கடிதம் வராது. செல்லும் என்றால் பணம் போச்சு. அருள்பிரகாசம் தன் பெருவிரலைப் பார்த்தான். பிறகு ஷீலாவைப் பார்த்தான்.

"இது என் காசு இல்ல. ஒன் பீஸு. நீ சொல்லு."

சின்னக்கண்ணு இருமினார். ஷீலா சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டாக்டர் எழுதிய மருந்தை நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் படிக்கிற மாதிரி, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தாள்.

"இருக்கட்டும். இத்தனை வருசமா குடுத்ததா நெனச்சுத்தான் இருந்தேன். இனிமே அதத் திருப்பி வாங்கி எந்த வருசத்துப் பீஸக் கட்டப்போறேன்" என்றாள். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தாள். "ஆனா மாமா, இதுல பதினெட்டாயிரம்தான இருக்கு. இவுக சொல்றது பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது."

"அது என்ன அறுநூத்தம்பது?"

"பீடத்துப் படி" என்றான் அருள்பிரகாசம். "மூணு படி. தனியாப் பேசுனது."

"படி இதுல இல்ல. தரை மட்டுந்தான் இருக்கு. படியக் காணிக்கையாக் குடுத்ததா எங்கயும் எழுதலையே" என்றாள் ஷீலா.

சின்னக்கண்ணு சீட்டை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சாமியார் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"நர்ஸம்மாகிட்ட மாட்டுனா தப்ப முடியாதுப்பா. சரி, ஒம்பதாயிரத்துல அறுநூத்தம்பதக் கழிச்சு எட்டாயிரத்து முந்நூத்தம்பதக் கட்டிருங்க" என்றார் சின்னக்கண்ணு.

"கழிக்க வேணாம் மாமா" என்றான் அவன். "வரி வேற, கூலி வேற. ஒம்பதாயிரத்தையும் வாங்கிக்கிருங்க. அறுநூத்தம்பதக் கையில குடுங்க."

ஷீலா சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையில் போனைக் காட்டி ஒன்பதாயிரத்தையும் அனுப்பினாள். சின்னக்கண்ணு ரசீது எழுதினார். அப்புறம் கோயில் பெட்டியைத் திறந்து ஓர் ஐந்நூறு, ஒரு நூறு, ஓர் ஐம்பது எண்ணி வைத்து, செலவுச் சீட்டு ஒன்றை நீட்டினார். மைப்பெட்டியும் பழக்கத்தில் சேர்ந்தே வந்தது. அருள்பிரகாசம் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். எடுத்தவன் உடனே கையெழுத்துப் போடவில்லை.

"என்னப்பா, சொத்துப் பத்திரமா? அறுநூத்தம்பது ரூவா. போடு."

"படிச்சிட்டுப் போடுறேன்."

அவன் படித்து முடிக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். 'பீடத்துப் படி மூன்றுக்குக் கல் பதித்த கூலி ரூபாய் அறுநூற்றைம்பது முழுவதும் பெற்றுக்கொண்டேன்.' கூலி என்ற சொல்லில் கொஞ்சம் நின்றான். பிறகு பேரை முழுசாக எழுதினான். நீளமான பேர், கட்டத்துக்கு வெளியே போனது.

சாமியார் கடிதத்தை அங்கேயே டைப் அடித்து முத்திரை வைத்துக் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்ததை ஷீலா படித்துச் சொன்னாள். ஆயிரத்து அறுநூறு அடியும் இருந்தது, மூன்று படியும் இருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு இது போதுமா, இன்னொன்று கேட்பார்களா, யாருக்கும் தெரியாது. கல்யாணச் சான்றிதழ் திங்கட்கிழமை.

"படம் கேட்டாகல்ல, வாங்க எடுத்துருவோம்" என்று ஷீலா போனோடு கோயிலுக்குள் போனாள். தரை முழுவதும் தெரிகிற மாதிரி வாசலோரம் போய் நின்றுகொண்டாள். பெனிட்டா பீடத்துப் படியில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அருள்பிரகாசம் நடந்துபோய் மூன்றாவது வரிசையில் நின்றான்.

"ஓரமாத் தெரியுறீக. ரெண்டு எட்டு இங்குட்டு வாங்க."

"இங்கனயே இருக்கேன். எடு."

"நடுவுல நின்னா நல்லாருக்கும்ல."

"எடு ஷீலா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள். வெள்ளைச் சட்டைப் பையின் மெல்லிய துணி வழியாக ஐந்நூறு ரூபாய் நோட்டின் நிறம் லேசாகத் தெரிந்தது. அவன் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஊன்றி, அசையாமல் நின்றான். பாதங்களுக்குக் கீழே அந்த ஒரு பூ கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.